கணவாய் ஏறும் காலையில் என்ன திதி

முதுகில் பத்து கிலோ பொன்னி அரிசியோடு மலைக்கோட்டைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே இறங்கி வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார். வேண்டுதல்தான். ஆனால் பிள்ளையாரிடம் இல்லை, என் முட்டியிடம்.

புத்தூரில் எலும்பு டாக்டர் என் முட்டியின் படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போறதுன்னா இந்த வருஷமே போயிட்டு வந்துடுங்க. அடுத்த வருஷம் வந்து கேட்டீங்கன்னா நான் வேற பதில் சொல்லுவேன்." அந்த வாக்கியத்தின் முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே மனசு ஏறிக்கொண்டிருந்தது. ஐம்பத்தொரு வயதில் ஒருத்தி இப்படித் துள்ளலாமா? துள்ளினேன். வீடு இருக்கும் கே.கே. நகர் வரைக்கும் பஸ்ஸில் உட்காரக்கூட முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன்.

நான் போக ஆசைப்பட்ட நடை சாதாரண நடை இல்லை. இமாச்சலத்தில், கடைசி ஊரும் கண்ணுக்கு மறைந்த பிறகு ஆறு நாள். கோவேறு கழுதை கிடையாது, சுமை தூக்க ஆள் கிடையாது, சமையல்காரர் கிடையாது. வழிகாட்டி ஒருவர் மட்டும். கூடாரம், அடுப்பு, காஸ், சாப்பாடு எல்லாம் அவரவர் முதுகில். ஐந்தாம் நாள் ஒரு கணவாய். இரண்டு சிகரங்களுக்கு நடுவே பனி மூடிக் கிடக்கும் ஒரு வாசல். அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் வேறு ஒரு பள்ளத்தாக்கு, வேறு ஒரு ஆறு, வேறு நிறத்தில் மண். படத்தில் பார்த்த நாளிலிருந்து அந்த வாசல் எனக்குள் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தது. அதன் வழியாக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் மூட்டையை நானே சுமந்துகொண்டு அந்தப் பக்கம் போக வேண்டும். இந்த வருஷம் விட்டால் இல்லை.

வீட்டில் சொன்னேன். கணவர் உடனே தன் தங்கைக்குப் போன் போட்டார். அவர் தங்கை, அதாவது என் நாத்தனார், ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கிறாள். பாங்க் உத்தியோகம். என்னைவிட நான்கு வயது சின்னவள். அண்ணன் மனைவியை அவர்கள் வீட்டில் மன்னி என்பார்கள். நான் வேறு சாதியிலிருந்து, வேறு சாப்பாட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போனவள். முதல் நாளிலிருந்து என்னை மன்னி என்று கூப்பிட்டவள் இவள் ஒருத்திதான். அந்த உரிமையில் இருபத்தாறு வருஷமாக என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டும் இருக்கிறாள்.

"என்ன மன்னி, காசி ராமேஸ்வரம்னு போற வயசுல கழுதை வேலைக்குப் போறேளாமே?"

"கழுதை கிடையாதுன்னுதான் நாங்களே சுமக்கிறோம்."

"அண்ணா ரொம்பக் கவலைப்படறார். நானும் வரேன்னு சொல்லிட்டேன்."

"நீயா?"

"ஆமா. எனக்கு ஹிந்தி தெரியும். உங்களுக்குத் தெரியாது. அந்த வழிகாட்டி ஆளு உங்களைப் பள்ளத்துல தள்றேன்னு சொன்னாக்கூடச் சரின்னு தலையாட்டுவேள்."

அதில் உண்மை இருந்தது. அவள் நாலு வருஷம் ஜபல்பூர்க் கிளையில் வேலை பார்த்தவள்.

மூன்று மாதம் பயிற்சி. மலைக்கோட்டைப் படியில் அரிசி மூட்டையோடு ஏறி இறங்கினோம். கோயில் படி என்பதால் கீழே செருப்பு ஸ்டாண்டில் விட்டுவிட்டு வெறுங்காலோடு. புதிதாக வாங்கிய பூட்ஸ் பெட்டிக்குள் பளபளவென்று தூங்கியது. பயிற்சி ஆரம்பித்து ஐந்து வாரம் கழித்து எனக்கு உறைத்தது, நாங்கள் வெறுங்காலால் இமயமலை ஏறப் பழகிக்கொண்டிருக்கிறோம் என்று. அப்புறம் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கொள்ளிடத்து மணலில் நடந்தோம். குதிகாலில் கொப்புளம். நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கீழே பூட்ஸும் மேலே மூட்டையுமாக உத்தர வீதி வழியே வீடு திரும்பியதை மொத்தத் தெருவும் பார்த்தது. பூக்கடைக்காரம்மா கேட்டார்களாம், "மாமி, வீட்டைக் காலி பண்றீங்களா?" பஸ் கண்டக்டர் என் மூட்டையைப் பார்த்து, "அக்கா, அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடுங்க, உங்களவிட வெயிட்டா இருக்கு" என்றார். நான் சிரித்தேன். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் சிரிப்பு வந்தது. காய் நறுக்கும்போது, வகுப்பில் பாடம் நடத்தும்போது, தெருவில் ஆட்டோவுக்கு ஒதுங்கும்போது, எதற்கும் காரணமில்லாமல் கால் துறுதுறுத்தது.

*

மலையடியில் கடைசி ஊர். பத்துப் பதினைந்து வீடுகள், கூரையில் காயும் மக்காச்சோளம், சுவர் முழுக்க ஆப்பிள் வாசனை. எங்கள் வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். வெயிலில் சுட்ட செங்கல் நிறம், அதிகம் பேசாத வாய். எங்களை 'தீதி' என்று கூப்பிட்டார். அக்கா என்று அர்த்தமாம். அவர் பேசியதெல்லாம் நாத்தனார் வழியாகத்தான் எனக்கு வந்தது. கொஞ்சம் அவள் சரக்கும் அதில் கலந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

அவர் ஒரு தார்ப்பாயை விரித்தார். இரண்டு மூட்டையையும் அதில் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை யார் தூக்கப் போறது?" அவ்வளவுதான். வேண்டும் வேண்டாம் என்று அவர் எதையும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியிலேயே என் கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம், இரண்டாவது ஸ்வெட்டர், குளிர் கண்ணாடிக்கு இன்னொரு குளிர் கண்ணாடி எல்லாம் தானாக ஓரத்துக்குப் போயின. நாத்தனாருடைய எவர்சில்வர் டம்ளர் டபராவை அவர் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"டபரா இல்லாம காப்பியை எப்படி ஆத்தறது?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

அவர் மலையைக் காட்டினார். "அங்கே காற்று ஆற்றிக் கொடுக்கும்."

இதை மொழிபெயர்த்துவிட்டு அவளே சிரித்துவிட்டாள். டபரா ஓரத்துக்குப் போயிற்று.

கொக்கித் தராசில் தூக்கினார். ஆளுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் கூடாது என்பது அவர் கணக்கு. அவள் மூட்டையில் இன்னும் ஒன்றரைக் கிலோ கூடுதல். மஞ்சள் பை ஒன்று மிச்சமிருந்தது. உள்ளே கோதுமை ரவை, வறுத்த வேர்க்கடலை, பேரீச்சம்பழம்.

"அது ஏகாதசிக்கு" என்றாள். "அன்னிக்கு நான் அரிசி சேர்த்துக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு ஏகாதசி விட்டதில்லை. பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கோதுமைக் கஞ்சிதான். அரிசிப் பருக்கை நாக்கில் பட்டதில்லை.

"ஏகாதசி என்னிக்கு?" என்றேன்.

"இன்னிலேர்ந்து எண்ணினா ஏழாம் நாள்."

"நாம ஆறாம் நாளே அந்தப் பக்கம் ரோட்டுக்கு வந்துடுவோம். ரோட்டுல கோதுமை இல்லாமலா? இந்த ஊர்ல கோதுமையைத் தவிர வேற என்ன இருக்கு?"

"மலை உங்க காலண்டர் பார்த்துண்டா நடக்கும்?"

"கனம் வேண்டாம். எடுத்துடு."

நான்தான் சொன்னேன். நான்தான் அந்த மஞ்சள் பையை எடுத்து, கதவோரம் நின்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவின் கையில் கொடுத்தேன். அந்த அம்மா பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து உடனே வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் மூட்டையில் அவலும் புளிக்காய்ச்சலும் பொடித்த வெல்லமும் அரிசிச் சத்துமாவும் பால்பவுடரும் காப்பியும் தங்கின. அவல் கனமில்லை, வெந்நீர் ஊற்றினால் ஊறிவிடும், புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்தால் புளியோதரைக்குத் தங்கை. வயிறு நிறைகிறது எல்லாம் அரிசி. ஏழு நாளைக்குக் கணக்குப் பண்ணியது.

முதல் நாள் முதல் அடி. பையின் வார் இரண்டும் தோளில் இறங்கி உட்கார்ந்தபோது என் உடம்பு முழுக்க ஒரு சத்தம் கேட்டது, திருவிழாவன்று காலையில் தெருமுனையில் மேளம் முதல் தடவை தட்டும் சத்தம். எனக்கு வேண்டியது எல்லாம் என் முதுகில் இருக்கிறது. வீடு முதுகில், சமையலறை முதுகில், படுக்கை முதுகில். இதைவிடப் பெரிய பணக்காரி அந்த ஜில்லாவிலேயே கிடையாது.

தேவதாரு மரங்கள் முடியும் வரை ஒரு நாள். பூர்ஜ மரங்கள், உரிந்த வெள்ளைத் தோலோடு நிற்பவை, முடியும் வரை இன்னொரு நாள். அதற்கப்புறம் மரமே கிடையாது. புல், பாறை, நீர். நீர் எங்கும். காலடியில் கேட்கும் நீர், பாறைக்குள் கேட்கும் நீர், எங்கே என்று தெரியாமல் கேட்கும் நீர். ஆற்றைக் கடக்க பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினால் கால் எரிந்தது. குளிர்தான், ஆனால் எரிந்தது. நான் "ஐயோ, ஐயோ" என்று கத்திக்கொண்டே கடந்தேன். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்து, இன்னொரு தடவை கடக்க முடியாதா என்று ஏங்கினேன். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "காவேரியில முழங்கால் தண்ணிக்கு இறங்க மாட்டேள், இங்க வந்து நீச்சல் வேற கேக்கறதாக்கும்."

வழிகாட்டியிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் வந்து எங்கள் தட்டை எட்டிப் பார்ப்பார். மிச்சம் இருந்தால் பேசாமல் அங்கேயே குந்தி உட்கார்ந்துகொள்வார். தட்டு காலியாகும் வரை அன்றைய நடை கிளம்பாது. கணவாயன்று இன்னும் கறார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்: சாப்பிடாதவரை மேலே கூட்டிப் போக மாட்டேன், நான் ஒருத்தன், நீங்கள் இரண்டு பேர், ஒருத்தர் போக முடியாவிட்டால் மூன்று பேரும் வந்த வழியே இறங்குவோம்.

நான்காம் நாள் மதியம் கணவாய்க்குக் கீழே போய்ச் சேர்ந்தோம். தலையை அண்ணாந்தால் தெரிந்தது. அந்த வாசல். படத்தில் பார்த்ததைவிடச் சின்னது, கிட்டத்தில் இருப்பது போல் தோன்றியது, தொட்டுவிடலாம் போல. எனக்குக் கூடாரம் அடிக்கக் கை ஓடவில்லை. ஆணியை மண்ணில் அடிப்பதற்குப் பதில் என் கட்டைவிரலில் அடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மேகம் வந்தது. பிறகு மழை. பிறகு பனி. பிறகு மறுபடி மழை.

*

இரண்டு நாள். ஒரு கூடாரத்தில் நாத்தனாரும் மன்னியும் இரண்டு நாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யத் தெரிந்தவர்கள் செய்துகொள்ளலாம். முதல் நாள் காலையிலேயே ஊர்வம்பு தீர்ந்தது. மதியம் எங்கள் மாமியாரைப் பற்றி, அதாவது அவளுடைய அம்மாவைப் பற்றி, முதல் தடவையாக இருவரும் ஒரே பக்கம் நின்று பேசினோம். பேன் போல ஒட்டிக்கொண்ட ஈரம். போன் இரண்டும் குளிரில் செத்துப்போயின. கையடக்க நோட்டு ஒன்றை மட்டும் தராசுக்குத் தெரியாமல் கொண்டுவந்திருந்தேன், அதில் நாளுக்கு நாலு வரி எழுதினேன். வழிகாட்டியின் கோதுமை மாவு நனைந்து புளித்துவிட்டது. அவரும் எங்கள் அவலுக்கு வந்து சேர்ந்தார். முதல் தடவை புளிக்காய்ச்சலை வாயில் வைத்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். வெல்லம் தீர்ந்தது, பால்பவுடர் தீர்ந்தது, சத்துமாவு அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவலும் புளிக்காய்ச்சலும் மட்டும் பாக்கி.

ஆறாம் நாள் சாயங்காலம் வழிகாட்டி கூடாரத்துக்குள் தலையை நீட்டி வானத்தைக் காட்டினார். காற்று திரும்பிவிட்டது, நாளைக்கு ஏறலாம் என்றார். மறுநாளைத் தாண்டிக் காத்திருக்க காஸும் இல்லை, சாப்பாடும் இல்லை. நாளை ஒன்று மேலே, இல்லாவிட்டால் கீழே.

நான் குதித்து எழுந்ததில் கூடாரத்தின் கம்பி வளைந்தது. உடனே நோட்டைத் திறந்து எழுத உட்கார்ந்தேன். பக்கத்தின் தலையில் நாளைப் போட்டேன். ஆறு. நாளைக்கு ஏழு.

ஏழாம் நாள்.

பேனா நின்றது. நாத்தனார் வெளியே பாத்திரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாள் கணக்குத் தப்பியிருக்கும் என்று தோன்றியது. இரண்டு நாளாக வானமே இல்லை. சூரியன் இல்லாதபோது காலை எது மாலை எது என்றே தெரியவில்லை. அவளுக்கு நினைவு வந்தால் சாப்பிட மாட்டாள். சாப்பிடாவிட்டால் அவர் ஏற்ற மாட்டார். ஒன்றரைக் கிலோ கோதுமையை அந்த அம்மா கையில் எடுத்துக் கொடுத்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டை மூடிப் பையின் அடியில் தள்ளினேன். அன்று நாலு வரிகூட எழுதவில்லை.

விடிந்தது. விடிந்தது என்று எழுதினால் போதாது. ஏழு நாளில் முதல் தடவையாக மலை முழுசாக நின்றது, கழுவித் துடைத்து வைத்ததைப் போல, விளிம்பு எல்லாம் ரோஜா நிறத்தில். என் பல் தந்தி அடித்தது, பாதி குளிர், பாதி சந்தோஷம். நாத்தனார் அவலில் வெந்நீரை ஊற்றி மூடிவைத்தாள். புளிக்காய்ச்சல் டப்பாவைத் திறந்தாள். பிசைந்தாள். மூன்று தட்டில் போட்டாள். தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல், என்னைப் பார்க்காமல், அந்த ரோஜா நிற விளிம்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"மன்னி, இன்னிக்கு என்ன திதி?"

வழிகாட்டி பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாதவர். நீரின் சத்தம் மட்டும். ஒரு மூச்சு. அதற்குள் நான் இருபத்தாறு வருஷத்தை நினைத்தேன் என்று எழுதினால் பொய். என் முட்டியை நினைத்தேன். அந்த வாசலை நினைத்தேன்.

"தசமி" என்றேன்.

"நிச்சயமா?"

"நோட்டுல எழுதியிருக்கேன்ல. தினம் எண்ணிட்டுத்தான் வரேன். இன்னிக்கு ஆறாம் நாள்."

"அப்படியா" என்றாள். சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். விரலை நக்கினாள். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று தட்டை நீட்டினாள். பாத்திரத்தை வழித்துப் போட்டேன். வழிகாட்டி வந்து மூன்று தட்டையும் எட்டிப் பார்த்தார், தலையசைத்தார். கிளம்பினோம்.

*

அந்த ஏற்றத்தை நான் எப்படிச் சொல்வது? முதலில் கல்குவியல். ஆட்டுக்குட்டி அளவு கல், அம்மி அளவு கல், ஆட்டோ அளவு கல், எதுவும் நிலையாக இல்லை. ஒன்றில் கால் வைத்தால் நான்கு புரளும். பிறகு பனி. பனி சரிவாக மேலே போய்க்கொண்டே இருந்தது. வழிகாட்டி பூட்ஸ் முனையால் பனியில் உதைத்து உதைத்துப் படி வெட்டினார், அந்தக் குழியில் நாங்கள் கால் வைத்தோம். பத்து அடிக்கு ஒரு நிறுத்தம். பிறகு ஐந்து அடிக்கு. பிறகு ஒரு அடி, நாலு மூச்சு. முட்டி ஒவ்வொரு அடிக்கும் தன் பெயரைச் சொன்னது. முதுகு மூட்டை என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஏய், எங்கே போகிறாய், திரும்பு என்றது. நான் திரும்பவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, மூக்கில் வழிந்தது, துடைக்கக்கூட நிற்கவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றால் வெட்கமாக இருந்தது.

நாத்தனார் எனக்கு முன்னால். அவளுக்கு ஒரு வழி இருந்தது. சரிவை அவள் தன் ஊராக, வெளிக்கோபுரத்திலிருந்து கருவறை வாசல் வரை சுற்றுச் சுற்றாக, பிரித்துக்கொண்டாள். மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் நின்று திரும்பி எனக்கு அறிவிப்பு கொடுத்தாள்.

"மன்னி... ராஜகோபுரம் தாண்டியாச்சு."

பத்து அடி.

"அடையவளஞ்சான்... வந்தாச்சு."

எட்டு அடி.

"சித்திரை வீதி. இன்னும் எவ்வளவோ இருக்கு... மெதுவா வாங்கோ."

"உன் வீடு... எப்ப வரும்?"

"இதோ, உத்தர வீதி. எங்காத்து வாசல்ல... நிக்கறேன். காப்பி சாப்பிடறேளா?"

சிரிக்க மூச்சில்லை. பனியில் கைத்தடியைக் குத்தி அதில் தொங்கிக்கொண்டு சிரித்தேன். வழிகாட்டி மேலேயிருந்து எங்களைப் பார்த்தார், உயரம் போனால் சிலருக்கு மூளை குழம்பும், அதுதானா என்று யோசித்திருப்பார். ரங்கா ரங்கா கோபுரம். கருட மண்டபம். அங்கே அவள் ரொம்ப நேரம் நின்றாள், குனிந்து, இரண்டு கையும் முட்டியில். எனக்குப் பயமாயிற்று. ஆனால் அவள் முகம் வெளுக்கவில்லை, கால் தடுமாறவில்லை. காலையில் சாப்பிட்ட இரண்டு தட்டு அவலும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது. ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது.

"ஆர்யபடாள் வாசல்" என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல இடமில்லை. மேலே வானம்தான் இருந்தது.

கணவாய் என்பது ஒரு அறை அகலம்கூட இல்லை. கட்டின கற்குவியல் ஒன்று, அதில் வெளுத்த துணிக்கொடிகள். காற்று எங்களை அங்கே நிற்க விடவில்லை, உட்காரவும் விடவில்லை. அந்தப் பக்கம் பார்த்தேன். வேறு பள்ளத்தாக்கு. வேறு ஆறு. மண் நிஜமாகவே வேறு நிறம், மஞ்சளும் ஊதாவும் கலந்த, மழையே பார்க்காத மண். நான் கத்தினேன். சொல் எதுவும் இல்லை, வெறும் கத்தல். என் குரல் அந்தப் பக்கம் போய் விழுந்து திரும்பி வரவே இல்லை. நாத்தனார் பையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு ஆமை கட்டிக்கொண்டது போல் இருந்திருக்கும். வழிகாட்டி எங்கள் இரண்டு பேர் கையையும் குலுக்கிவிட்டு, "இறங்குங்கள், இறங்குங்கள்" என்றார்.

மதியம் சாய்ந்த பிறகு அந்தப் பக்கத்துப் புல்வெளி வந்தது. பையைத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்தோம். வெயில் இன்னும் இருந்தது. கிழக்கே, நாங்கள் விட்டுவந்த சரிவுக்கு மேலே, பகலிலேயே நிலா ஏறியிருந்தது. பால்போல, ஓரம் கொஞ்சம் மட்டும் குறைவாக. முழுசாக இன்னும் நாலு நாள்தான் இருக்கும் போல.

நிலாவிலிருந்து கண்ணை எடுத்து அவள் பக்கம் திரும்பினேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லுங்கோ."

"இன்னிக்கு தசமி இல்ல."

"தெரியும்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் படுத்தபடியே நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நீங்கோ எழுதிண்டிருந்தப்போ மேகம் கொஞ்சம் விலகித்து. பாத்திரம் துடைச்சிண்டு நான் பார்த்துண்டே நின்னேன். அது தசமி நிலா. ஸ்ரீரங்கத்துல பொறந்து வளர்ந்துட்டு நிலாவைப் பார்த்துத் திதி சொல்லத் தெரியாதா எனக்கு?"

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்ட?"

"வேற யாரைக் கேக்கறது? அவரையா?"

"இல்ல... தெரிஞ்சும் ஏன் கேட்ட?"

"நானா தெரிஞ்சுண்டு சாப்பிட்டா பாவம் எனக்கு. நீங்கோ தசமின்னு சொல்லி நான் சாப்பிட்டா?" என்று என் பக்கம் திரும்பினாள். "உங்க தலையில. உங்களுக்கு ஏற்கெனவே மீன் குழம்புப் பாவம் எவ்வளவோ இருக்கு. ஒண்ணு கூடினா தெரியவா போறது?"

"அடிப்பாவி!"

"பாவி நீங்கோ. அதான் சொல்றேன்."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பது நின்றுவிட்டது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். நான் அவள் கையைத் தொட்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"நீங்கோ ஏகாதசின்னு சொல்லியிருந்தா நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்" என்றாள் மெதுவாக. "இறங்கிப் போயிருப்போம். அப்புறம் ஆயுசு பூரா உங்க மூஞ்சியை எப்படிப் பார்க்கறதுன்னு நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்கோ பொய் சொல்லணுமேன்னு ரங்கனை வேண்டிண்டேன்."

நான் திரும்பி, இறங்கி வந்த சரிவை ஒரு தரம் பார்த்தேன்.

"நாளைக்குத் துவாதசி" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. குரல் மாறிவிட்டது. பாங்க்கில் கையெழுத்து சரியில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும் குரல். "நாளைக்கு இருக்கேன் உபவாசம். தண்ணி மட்டும். நீங்களும்."

"நான் எதுக்கு?"

"பொய் யார் சொன்னா?"

*

காலையில் வழிகாட்டி எங்கள் தட்டை எட்டிப் பார்த்தார். தட்டே இல்லை. நாத்தனார் அவருக்கு ஏதோ நீளமாக விளக்கினாள். அவர் கேட்டு, தலையைச் சொறிந்து, என்னை ஒரு தரம், அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இறக்கத்தில் நான் தட்டைப் பார்ப்பதில்லை" என்றார். பிறகு மிச்சமிருந்த அவல் முழுவதையும் புளிக்காய்ச்சலோடு பிசைந்து, எங்கள் எதிரிலேயே, ஒரு கண்ணை மூடாமல், சாப்பிட்டு முடித்தார். நான் ஒவ்வொரு வாயையும் எண்ணினேன்.

இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் ஏகாதசி பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட நான் விரதம் இருந்ததில்லை. யாரும் இருக்கச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று முதல் தடவையாகக் காலி வயிற்றோடு, சாப்பாடு தீர்ந்த பையோடு, ஆற்றின் ஓரமாகக் கீழே கீழே கீழே நடந்தேன். பசி முதலில் வலித்தது, பிறகு முனகியது, பிறகு பாட்டுப் பாட ஆரம்பித்தது. எல்லாம் கூர்மையாகத் தெரிந்தது. தூரத்துப் பாறையில் ஒரு பறவை அலகைத் துடைப்பதுகூடத் தெரிந்தது. கால் தரையில் படவில்லை. முட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் கணவாயைத் தாண்டிவிட்டேன், தாண்டிவிட்டேன் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லாததால் செம்மறி ஆடுகளிடம் சொன்னேன்.

"எப்படி இருக்கு மன்னி, விரதம்?"

"பசிக்குது."

"பேஷ். சரியாத்தான் இருக்கேள்."

மூன்று மணி வாக்கில் ரோடு தெரிந்தது. ரோட்டோரம் தகரக்கூரை போட்ட டீக்கடை ஒன்று. இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கு திணித்த ரொட்டித் துண்டை மாவில் தோய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணெய்ப் புகை எங்களை எதிர்கொண்டு வந்து வரவேற்றது. வழிகாட்டி நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். என் கால் தானாக அவர் பின்னால் திரும்பியது. உருளைக்கிழங்கு அரிசி இல்லையே, கடலைமாவு அரிசி இல்லையே என்று வாதத்தைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன்.

பின்னாலிருந்து என் பையின் வார் வெடுக்கென்று இழுபட்டது.

"தண்ணி மட்டும்னேன்" என்றாள் நாத்தனார்.

அவள் கண்ணும் சட்டியில்தான் இருந்தது. வாரை விடாமல், என்னைப் பிடித்துக்கொண்டும் என்னைப் பிடித்தே நின்றுகொண்டும், அவள் எச்சில் விழுங்குவது எனக்குக் கேட்டது. அப்படியே இரண்டு பேரும் அந்தக் கடையைத் தாண்டி, பஸ் நிற்கும் இடம் வரைக்கும், ஓட்டமும் நடையுமாகப் போனோம்.